பச்சைக் குழந்தைக்குப் பால் பத்தலையோ? அம்மாக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரசவ வார்டில் நிற்கும்போதும் சரி, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனவர்கள் ராத்திரி போன் செய்யும்போதும் சரி, நான் கேட்பது பெரும்பாலும் ஒரே கவலைதான். சொல்கிற வார்த்தை மட்டும் மாறும். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதிக் கீழே பதில் போட்டிருக்கிறேன். இதெல்லாம் நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கிற குழந்தைகளுக்கானது. குறைமாதக் குழந்தை, எடை ரொம்பக் குறைவாகப் பிறந்த குழந்தை என்றால் உங்கள் டாக்டர் சொல்வதுதான் கணக்கு.

நேத்துதான் குழந்தை பிறந்துச்சு. பாலே வரல, ரெண்டு சொட்டு மஞ்சளா வருது. இது எப்படிப் பத்தும்?

பத்தும். அந்த மஞ்சள் சொட்டுதான் சீம்பால். முதல் நாளில் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்கு 5 முதல் 7 மில்லிதான் பிடிக்கும், அதாவது ஒரு டீஸ்பூன். மூன்றாவது நாளில் 25 மில்லி அளவுக்கு வரும், ஒரு வாரத்தில் 45 முதல் 60 மில்லி. உங்கள் உடம்பும் அதே வேகத்தில்தான் கொடுக்கிறது. முதல் நாள் முழுவதற்கும் சேர்த்தே ஏறத்தாழ 30 மில்லி சுரந்தால் சரியாகத்தான் போகிறது என்று அர்த்தம்.

மார்பு நிறைந்து பால் இறங்குவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். நஞ்சுக்கொடி வெளியே வந்த பிறகுதான் உடம்பில் ஹார்மோன் மாறி அந்த வேலை ஆரம்பிக்கும். அதுவரை குழந்தையை அடிக்கடி மார்பில் போடுவது மட்டும்தான் உங்கள் பக்கத்து வேலை.

சிசேரியன் பண்ணா பால் லேட்டாத்தான் வருமாமே?

கொஞ்சம் தாமதமாகலாம், வராமல் போகாது. முதல் பிரசவம், சர்க்கரை நோய், உடல் எடை அதிகம், பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனது, இவற்றிலும் ஒரு நாள் இரண்டு நாள் தள்ளிப் போகும். சிசேரியனில் பெரிய தொந்தரவே அம்மாவுக்கு எழுந்து உட்கார முடியாமல் குழந்தை வேறு யார் கையிலோ இருப்பதுதான். மயக்கம் தெளிந்ததும் குழந்தையைக் கேளுங்கள். பக்கவாட்டில் படுத்தபடியே கொடுக்கலாம், தையல் மேல் பாரம் விழாமல் குழந்தையின் கால் உங்கள் அக்குள் பக்கம் போகிற மாதிரி இடுக்கிக்கொண்டும் கொடுக்கலாம். கூட இருப்பவர்கள் குழந்தையைப் பிடித்துக் கொடுத்தால் முடிகிற காரியம்.

பால் வர்ற வரைக்கும் சேனைத் தண்ணி, தேன், இல்ல கழுதைப்பால் கொடுக்கலாமா? எங்க வீட்ல எல்லாருக்கும் கொடுத்திருக்காங்க.

வேண்டாம். நல்ல மனசுள்ள பெரியவர் கையால் சேனை தொட்டு வைப்பதில் இருக்கிற ஆசையும் அன்பும் எனக்குப் புரிகிறது. அந்த ஆசீர்வாதத்தை நெற்றியிலோ உள்ளங்காலிலோ தொட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாயில் மட்டும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும். தெருவில் கறந்து சங்கில் ஊற்றுகிற கழுதைப்பால் காய்ச்சாத பால், அதில் எந்தக் கிருமி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. சேனையாகச் சர்க்கரைத் தண்ணி குடித்த குழந்தை வயிறு நிறைந்த மாதிரி தூங்கிவிடும், மார்பைத் தேடாது, தேடாவிட்டால் பால் இறங்குவது இன்னும் தள்ளிப் போகும். வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். வெறும் தண்ணீர்கூட ஆறு மாதம் வரை தேவையில்லை. சித்திரை வெயிலிலும் தேவையில்லை, தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான்.

பாட்டில்னா எவ்வளவு குடிச்சதுன்னு தெரியும். இதுல எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?

உள்ளே போவதை அளக்க முடியாது, ஆனால் வெளியே வருவதை எண்ணலாம். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் குறைந்தது ஒரு தடவை சிறுநீர், இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. இப்படி ஏறி, ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையோ அதற்கு மேலோ, வெளிர் நிறத்தில் போக வேண்டும். மலம் முதலில் தார் மாதிரி கருப்பு, அப்புறம் பச்சை, நான்கு ஐந்து நாளில் மஞ்சளாகி, விதை விதையாக, ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. ஐந்தாம் நாளிலும் கருப்பாகவே போனால் பால் சரியாக இறங்கவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டும்.

துணி கட்டுகிற வீட்டில் இந்தக் கணக்கு சுலபம், நனைந்த துணியை எண்ணினால் போதும். டயப்பர் போட்டால் அது எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும், குழந்தை போனதா இல்லையா என்றே தெரியாது. முதல் பத்து நாள் பகலிலாவது துணி கட்டுங்கள், இல்லையென்றால் டயப்பருக்குள் சின்னத் துணி மடித்து வையுங்கள். முதல் இரண்டு மூன்று நாளில் துணியில் செங்கல் நிறத்தில் கறை தெரிந்தால் ரத்தம் என்று பயப்படாதீர்கள், சிறுநீர் அடர்த்தியாக இருப்பதால் படிகிற உப்பு அது. நான்காம் நாளுக்குப் பிறகும் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

பிறந்தப்ப 3 கிலோ, மூணாம் நாள் எடை போட்டா 2.8. என் பால்தான் பத்தலையா?

இல்லை. பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது எல்லாக் குழந்தைகளுக்கும் சகஜம், உங்கள் 200 கிராம் அதற்குள்தான் இருக்கிறது. பிரசவத்தின்போது அம்மாவுக்கு டிரிப்ஸ் நிறைய ஏறியிருந்தால் குழந்தை அந்த நீரோடு பிறந்து, முதல் நாளிலேயே அதைச் சிறுநீராக விட்டு எடை குறைவதும் உண்டு. 7-ஐத் தாண்டினால் பால் குடிக்கிற முறையை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். 10-ஐத் தொட்டால் கட்டாயம் டாக்டர்.

பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும், அதன் பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம். எடை போடும்போது அதே தராசில், துணியில்லாமல் போடுங்கள். ஒரு நாள் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மறுநாள் பக்கத்துக் கிளினிக்கிலும் போட்டுப் பார்த்து 50 கிராம் குறைந்துவிட்டது என்று அழுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது இரண்டு தராசுக்கு நடுவில் இருக்கிற வித்தியாசம். தினமும் எடை பார்க்கவும் வேண்டாம், டாக்டர் சொல்லாதவரை வாரம் ஒரு தடவை போதும்.

எத்தனை மணிக்கு ஒருக்கா கொடுக்கணும்? டைம் வச்சுக் கொடுக்கணுமா?

கடிகாரம் வேண்டாம், ஆனால் எண்ணிக்கை வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை. வாயைத் திறந்து தலையைத் திருப்பித் தேடுவது, கையை வாய்க்குக் கொண்டு போவது, நாக்கை நீட்டுவது, இதெல்லாம் பசியின் ஆரம்பம். வீறிட்டு அழுவது கடைசிக் கட்டம். அந்தக் கட்டத்தில் மார்பில் போட்டால் பிடிக்காமல் உதறும், அதைப் பார்த்து வீட்டில் இருப்பவர்கள் “பாலே இல்ல, அதான் தள்ளிவிடுது” என்பார்கள்.

முதல் இரண்டு வாரத்தில் குழந்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் எழுப்பிக் கொடுங்கள், பிறந்த எடை திரும்பும்வரை. துணியைத் தளர்த்தி உள்ளங்காலைத் தேய்த்தால் விழிக்கும். ராத்திரிப் பாலை விட்டுவிடாதீர்கள், பால் சுரக்க வைக்கிற புரோலாக்டின் ராத்திரியில்தான் அதிகம்.

அரை மணி நேரமா வாயில வச்சிருக்கு. குடிக்குதா, சும்மா சப்புதான்னே தெரியல.

தாடையைப் பாருங்கள். பிடித்தவுடன் முதலில் வேகவேகமாகச் சின்னதாகச் சப்பும், பாலை இறங்க வைப்பதற்காக. ஒரு நிமிடம் போல ஆனதும் வேகம் குறைந்து தாடை நன்றாகக் கீழே இறங்கும், இறங்கின இடத்தில் ஒரு கணம் நிற்கும், அப்புறம் மேலே வரும். அந்த ஒரு கணம்தான் வாய் நிறையப் பால் வாங்குகிற நேரம். மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தால் மெல்லிதாக ‘க்’ என்று விழுங்குகிற சத்தமும் கேட்கும். தாடை ஆழமாக இறங்கி நிற்கிற மாதிரி பத்துப் பதினைந்து நிமிடம் குடித்த குழந்தை, ஒரு மணி நேரம் நுனியைச் சப்பிக்கொண்டே தூங்கிய குழந்தையைவிட நிறையக் குடித்திருக்கும்.

இறங்கவில்லை என்றால் பிடித்திருக்கிற விதத்தைச் சரிபாருங்கள். வாய் கொட்டாவி விடுகிற அளவுக்கு அகலமாகத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்து, தாடை மார்பில் அழுந்தி, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேல் அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருந்தால் உங்களுக்கு வலிக்கும், குழந்தைக்குப் பால் வராது. சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டுப் பிடியை எடுத்து மறுபடி போடுங்கள், பத்து தடவை எடுத்துப் போட வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. குடிக்கும்போது வேகம் குறைந்தால் மார்பைக் கையால் மெதுவாக அழுத்திக் கொடுங்கள், மறுபடி விழுங்க ஆரம்பிக்கும். பால் குறைவு என்று என்னிடம் வருகிறவர்களில் நிறையப் பேருக்குப் பிடி சரியானதுமே பாதிப் பிரச்சினை போய்விடுகிறது.

சாயங்காலம் ஆறு மணியானா போதும், பத்து மணி வரைக்கும் விடாம கேட்குது. மாமியார் பால் பத்தலைங்கிறாங்க.

புதுக் குழந்தைகள் சாயங்காலத்தில் இப்படித்தான், அரை மணிக்கு ஒரு தடவை, கால் மணிக்கு ஒரு தடவை என்று அடுத்தடுத்துக் கேட்கும். இரண்டு மூன்று வாரத்திலும் ஆறு வாரத்திலும் வேகமாக வளர்கிறபோது நாள் முழுக்கவும் கேட்கும். அடுத்த சில நாளுக்கு வேண்டிய பாலைக் குழந்தை இப்போதே கேட்டு வைக்கிறது. எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவு ஊறும், மார்பில் தேங்கியே நின்றால் சுரப்பதைக் குறைத்துக்கொள் என்று உடம்புக்குச் சேதி போகும். தொட்டனைத் தூறும் மணற்கேணி என்று படித்தோமே, அது இங்கே அப்படியே பொருந்தும்.

அழுகை எல்லாமே பசியும் இல்லை. ஈரம், புழுக்கம், ஏப்பம் வராதது, இல்லை சும்மா அம்மா வேண்டும் என்பது. மேலே சொன்ன சிறுநீர் எண்ணிக்கையும் எடையும் சரியாக இருந்தால் சாயங்கால அழுகையை வைத்துப் பால் இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். இந்த நேரத்தில் ஒரு டப்பா பால் கொடுத்தால் குழந்தை தூங்கிவிடும், எல்லாரும் “பார்த்தியா” என்பார்கள், உங்கள் மார்புக்கு அந்த வேளைக்கான சேதி போகாமல் நின்றுவிடும்.

எப்போ பயப்படணும்? எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

அழுகிற குழந்தையைவிட அழாமல் தூங்கிக்கொண்டே இருக்கிற குழந்தையைப் பார்த்துத்தான் நான் பயப்படுவேன். பால் போதாமல் துவண்டுபோன குழந்தைக்குக் கேட்டு அழத் தெம்பு இருக்காது, “ரொம்ப சமத்து, தொந்தரவே இல்ல” என்று வீட்டில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பார்கள். எழுப்பினாலும் எழாதது, மார்பில் போட்டால் பிடிக்காதது, முதல் மூன்று நாளுக்குப் பிறகு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வாய் உலர்ந்திருப்பது, உச்சிக்குழி பள்ளமாக இருப்பது, காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிடுவது, மஞ்சள் நிறம் முகத்தைத் தாண்டி வயிறு, கால் என்று இறங்குவது, இதில் எது ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். வண்டி இல்லையென்றால் 108.

மஞ்சள் காமாலைக்குக் காலை வெயிலில் காட்டினால் போதும் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். பால் குறைவாகப் போனால் மலம் போவது குறையும், மலம் குறைந்தால் மஞ்சள் ஏறும், மஞ்சள் ஏறினால் குழந்தை இன்னும் தூங்கும், இன்னும் குறைவாகக் குடிக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் அளவு தெரியும்.

ரெண்டு மாசம் ஆகப்போகுது. முன்ன மாதிரி மார்பு கனமா இல்ல, ஒழுகறதும் நின்னுடுச்சு. வத்திடுச்சா?

வற்றவில்லை, கணக்கு சரியாகிவிட்டது. ஆரம்பத்தில் குழந்தைக்கு எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் உடம்பு கூடுதலாகச் சுரக்கும், வீக்கமும் இருக்கும். ஆறு வாரத்துக்குள் தேவைக்கு ஏற்ற மாதிரி நிதானமாகிவிடும், மார்பு மெத்தென்று ஆகும். ஒரு மாதக் குழந்தை ஒரு நாளில் குடிப்பது சராசரியாக 750 மில்லி. ஆறு மாதம் வரை அந்த அளவு பெரிதாக ஏறுவதில்லை, அதனால் மாதாமாதம் பால் கூடிக்கொண்டே போக வேண்டும் என்ற கவலையும் வேண்டாம்.

இதே சமயத்தில் மலம் போவதும் குறைந்து, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தை நாலு நாளைக்கு ஒரு தடவைகூடப் போகலாம். எடை ஏறிக்கொண்டு, வயிறு மென்மையாக இருந்தால் அது மலச்சிக்கல் இல்லை.

பம்ப் வாங்கி எடுத்துப் பாத்தேன், 20 மில்லிதான் வந்துச்சு. அப்ப அவ்வளவுதான் இருக்கா?

பம்ப்பில் வருவது பம்ப்புக்கு வந்தது, அவ்வளவுதான். குழந்தை இழுக்கிற மாதிரி எந்த மெஷினும் இழுக்காது. குழந்தையைத் தொட்டு, வாசம் பிடித்தால் பால் இறங்குகிற மாதிரி பிளாஸ்டிக் குவளையைப் பார்த்தால் இறங்காது. அதிலும் குழந்தை குடித்து முடித்த உடனே எடுத்தால் 20 மில்லி என்பது நல்ல அளவு. பம்ப்பில் மார்பின் மேல் வைக்கிற குவளையின் அளவு பொருந்தாமல் காம்பு உள்ளே உராய்ந்தாலும் குறைவாகத்தான் வரும்.

வேலைக்குப் போகிறவர்கள், குழந்தை பிடிக்காமல் இருக்கிறவர்கள் பால் எடுக்கத்தான் வேண்டும். எடுத்த பாலை 25 டிகிரிக்குக் கீழ் இருந்தால் நான்கு மணி நேரம் வரை வெளியே வைக்கலாம். நம் ஊரில் ஏசி இல்லாத அறையில் அந்த நான்கு மணியை நம்பாதீர்கள், உடனே ஃபிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். நான்கு நாளைக்குள் கொடுத்துவிட வேண்டும். அடுப்பில் சூடாக்காமல் வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்குங்கள்.

பால் தண்ணியா, லேசா நீலமா இருக்கு. சத்தே இல்லையோ?

முதலில் வருகிற பால் அப்படித்தான் இருக்கும், குடிக்கக் குடிக்கக் கொழுப்பு கூடிக் கெட்டியாகும். ஒரு பக்கம் முழுக்கக் குடித்து மார்பு தளர்ந்த பிறகு அடுத்த பக்கம் மாற்றுங்கள். பசும்பாலோடு நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்காதீர்கள், அது கன்றுக்குட்டிக்கானது.

எனக்கு மார்பு சின்னதா இருக்கு, அதனாலதான் பால் இல்லைங்கிறாங்க.

மார்பின் அளவு கொழுப்பைப் பொறுத்தது, பால் சுரப்பது சுரப்பியைப் பொறுத்தது. சின்ன மார்பு உள்ளவர்கள் கொஞ்சம் அடிக்கடி கொடுக்க வேண்டியிருக்கலாம். வித்தியாசம் அவ்வளவுதான்.

என்ன சாப்பிட்டா பால் ஊறும்? பூண்டு, பால்சுறா எல்லாம் கொடுக்கிறாங்க.

சாப்பிடுங்கள். பூண்டைப் பாலில் வேகவைத்தது, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, வெந்தயக் கஞ்சி, எல்லாமே நல்ல சாப்பாடு. முருங்கைக்கீரைக்குப் பால் கூடியதாகப் பிலிப்பைன்ஸில் சின்னச் சின்ன ஆய்வுகள் சொல்கின்றன. வெந்தயத்தை மட்டும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறவர்கள் கிலோக்கணக்கில் சாப்பிட வேண்டாம், சர்க்கரையை இறக்கிவிடும். ஆனால் பாலை வெளியே எடுக்காமல் பால்சுறா மட்டும் சாப்பிட்டால் ஊறாது. எட்டுப் பன்னிரண்டு தடவை கொடுப்பதற்குப் பதிலாக எந்தச் சாப்பாடும் இல்லை.

எனக்கு உண்மையில் கவலை தருவது பத்தியம் என்ற பெயரில் நடக்கிற பட்டினிதான். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும், தையல் சீழ் பிடிக்கும் என்று ஒரு டம்ளர் வெந்நீரோடு நிறுத்துவது, காய் பழம் எல்லாம் குளிர்ச்சி என்று ஒதுக்கி மிளகு ரசம் சாதம் மட்டும் போடுவது, மத்தியானத்துக்குப் பிறகு அடுத்த நாள் காலை வரை ஒன்றும் தராமல் இருப்பது. பால் கொடுக்கும் அம்மாவுக்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர். அது கிட்டத்தட்ட இன்னொரு வேளைச் சாப்பாடு. தாகம் எடுக்கும்போதெல்லாம் தண்ணீர் குடியுங்கள், பால் கொடுக்க உட்காரும்போது பக்கத்தில் ஒரு செம்பு இருக்கட்டும். தாகத்துக்கு மேல் வலுக்கட்டாயமாகக் குடிப்பதாலும் பால் கூடாது. முட்டை, பருப்பு, மீன், கீரை, பழம் எல்லாம் சாப்பிடலாம், டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதின இரும்பு, கால்சியம் மாத்திரையையும் நிறுத்தாதீர்கள்.

பால் ஊற மாத்திரை இருக்காமே, மெடிக்கல்ல வாங்கிப் போடட்டா?

நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். வாந்திக்குக் கொடுக்கிற டாம்பெரிடோன் என்ற மருந்துக்குப் பால் கூட்டும் குணம் உண்டு, சில டாக்டர்கள் தருகிறார்கள். ஆனால் இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கும், வேறு சில மாத்திரைகளோடு சேர்ந்தாலும் அது ஆபத்து. பிடி சரியாகி, அடிக்கடி கொடுத்தும் போதவில்லை என்றால் டாக்டர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய மருந்து. தண்ணீர்விட்டான் கிழங்குப் பொடி கடைகளில் நிறைய விற்கிறார்கள், மேலே பூண்டுக்குச் சொன்னதுதான் அதற்கும்: கூடச் சேர்ந்து உதவலாம், தனியாக நின்று வேலை செய்யாது.

மல்லிப்பூ வச்சா பால் வத்திடுமா? வெயில்ல போயிட்டு வந்தா முதல் பாலைப் பீச்சி ஊத்திடணுமா? அழுதா, கண் பட்டா நின்னுடுமா?

மல்லிகைக்கு ஒரு காரணம் இருக்கிறது. பால் நிற்க வேண்டிய நிலையில் உள்ள பெண்களுக்கு மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது இங்கே பழைய வழக்கம், வேலூர் டாக்டர்கள் அதைச் சோதித்துப் பார்த்து 1988-இல் எழுதியும் இருக்கிறார்கள். மார்பில் வைத்துக் கட்டுவது வேறு, தலையில் ஒரு முழம் பூ வைப்பது வேறு. தலையில் தாராளமாக வையுங்கள்.

வெயிலில் போய்வந்தால் பால் சூடாகாது, உடம்பின் வெப்பத்தில்தான் இருக்கும், பீச்சிக் கொட்டினால் குழந்தைக்குத்தான் நஷ்டம். அழுகை, பயம், வலி, தூக்கமின்மை இருக்கும்போது பாலை வெளியே தள்ளுகிற ஆக்சிடோசின் கொஞ்சம் தயங்கும், உள்ளே பால் இருந்தும் இறங்கத் தாமதமாகும். கண் பட்டதாக நினைத்து மனம் கலங்கினாலும் நடப்பது இதுதான். குழந்தையை மேல்சட்டையில்லாமல் உங்கள் மார்போடு ஒட்டிப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் சாய்ந்திருங்கள், முதுகை யாராவது நீவிவிடட்டும், இறங்கும். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டாலோ, குழந்தை மேலேயே பிடிப்பு இல்லாமல் போனாலோ, சாகலாம் போல் தோன்றினாலோ அது பால் சம்பந்தப்பட்ட விஷயமே இல்லை. அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், அரசு மருத்துவ உதவி எண் 104-க்கும் அழைக்கலாம்.

எடை குறைஞ்சதால டாக்டரே பவுடர் பால் கொடுக்கச் சொல்லிட்டார். கொடுத்தா என் பால் போயிடுமா?

முதலில் குழந்தையின் வயிறு நிறையட்டும். தேவையான நேரத்தில் கொடுக்கிற பவுடர் பால் மருந்து மாதிரிதான், கொடுத்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒவ்வொரு வேளையும் முதலில் மார்பில், அப்புறம் உங்கள் பாலைக் கையால் பீச்சிக் கொடுங்கள், அதற்கும் மேல் தேவைப்பட்டால் பவுடர். பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள், தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. டாக்டர் சொன்னால் சரி. கேட்காமலேயே யாராவது இலவச டப்பாவைக் கையில் திணித்தால் வாங்காதீர்கள், 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்திருக்கிறது.

பாட்டிலுக்குப் பதில் நம் வீட்டுச் சங்கு, பாலாடை என்றும் சொல்வார்கள், அதுவே போதும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுங்கள். குழந்தையை நன்றாக நிமிர்த்திப் பிடித்து, சங்கின் மூக்கைக் குழந்தையின் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடுகிற அளவுக்கு மட்டும் சாயுங்கள். குழந்தையே நாக்கை நீட்டி வாங்கும். படுக்கவைத்துத் தொண்டையில் ஊற்றவே கூடாது, புரையேறும். பவுடரைக் கலக்கும்போது கொதித்து ஆறிய தண்ணீர், டப்பாவில் போட்டிருக்கிற அளவு, கூட்டவும் வேண்டாம், விலை ஜாஸ்தி என்று தண்ணியாகக் கலக்கவும் வேண்டாம். அப்படிக் கலந்தால் குழந்தையின் உப்புச்சத்து குறைந்து வலிப்புகூட வரும். பசும்பாலும் பாக்கெட் பாலும் கூடாது.

ஒரு மாசமா பாட்டில் கொடுத்தாச்சு. திரும்ப என் பாலுக்கே கொண்டு வர முடியுமா?

நிறையப் பேருக்கு முடிகிறது, ஆனால் பொறுமை வேண்டும். ஒரே நாளில் டப்பாவை நிறுத்தாதீர்கள். நாள் முழுவதும் கொடுக்கிற பவுடரில் 30, 40 மில்லி குறைத்து, இரண்டு மூன்று நாள் சிறுநீரைப் பாருங்கள், வாரக் கடைசியில் எடையைப் பாருங்கள், சரியாக இருந்தால் அடுத்த 30. கூடவே மார்பில் போடுவதைக் கூட்டுங்கள். தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் 20 நிமிடம் பம்ப், 10 நிமிடம் ஓய்வு, 10 பம்ப், 10 ஓய்வு, 10 பம்ப் என்று செய்யலாம், குழந்தை சாயங்காலத்தில் அடுத்தடுத்துக் கேட்பதை நாம் கையால் செய்கிற மாதிரி. சிலருக்கு முழுவதும் திரும்பாமல் பாதியில் நிற்கும். பாதி தாய்ப்பாலும் தாய்ப்பால்தான்.

சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. நிஜமாவே பால் கம்மியாத்தான் இருக்கு. ஏன் எனக்கு மட்டும்?

நிஜமாகவே குறைவாக இருப்பவர்கள் உண்டு, அவர்களிடம் “இன்னும் முயற்சி பண்ணு” என்று மட்டும் சொல்வது கொடுமை. தைராய்டு குறைவு, கட்டுப்படாத சர்க்கரை, பிசிஓஎஸ் என்கிற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, கருப்பையில் நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருப்பது, மார்பில் முன்பு செய்த அறுவை சிகிச்சை, மார்பில் சுரப்பித் திசுவே போதுமான அளவு வளராதது, ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை, இப்படி உடம்பில் காரணம் இருக்கலாம். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகமாகப் போனவர்களில் சிலருக்குத் தலையில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டுப் பாலே இறங்காமல் போகும். கர்ப்பத்தில் மார்பு கொஞ்சமும் பெருக்கவில்லை, ஐந்து நாளாகியும் பால் இறங்கவில்லை, ரத்தப்போக்கு நிற்கவில்லை என்றால் இதையெல்லாம் டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். தைராய்டு மாதிரி சிலது மாத்திரையிலேயே சரியாகும். குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சில சமயம் காரணம் அங்கே இருக்கும்.

காரணம் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இது நீங்கள் செய்த தவறு இல்லை. வருகிற அளவைக் கொடுங்கள், மீதியைச் சங்கில் கொடுங்கள்.

நான் மாமியார். மருமகளுக்குப் பால் பத்தலையோன்னு எனக்கும் பயமாத்தான் இருக்கு, சொன்னா கோபப்படுறா. நான் என்ன பண்ணட்டும்?

நீங்கள் கேட்டதே பெரிய விஷயம், அம்மா. “பால் பத்தல” என்ற வார்த்தையை மட்டும் ஒரு மாதத்துக்குத் தள்ளி வையுங்கள். ஒரு நாளைக்கு நாலு பேர் அதைச் சொன்னால் எந்தப் பெண்ணும் நம்பிவிடுவாள். பயமாக இருந்தால் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் நனைந்த துணிக்கு ஒரு கோடு போட்டு வாருங்கள், ஐந்தாறு நாளுக்குப் பிறகு ஆறு கோடு இருந்தால் நீங்களும் நிம்மதியாகத் தூங்கலாம், ஆறுக்குக் குறைந்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து டாக்டரிடம் போகலாம்.

குழந்தை அழுதால் வாங்கி வைத்துக்கொண்டு சமாதானப்படுத்துவதைவிட, தேடுகிற மாதிரி இருந்தால் உடனே கொண்டுபோய் அவளிடம் கொடுங்கள். குடித்து முடித்ததும் வாங்கி ஏப்பம் விட வைத்து, அவளைத் தூங்கச் சொல்லுங்கள். பார்க்க வருகிறவர்களை வாசலோடு பேசி அனுப்புவது உங்களால்தான் முடியும், அவளால் முடியாது. அப்புறம் ராத்திரி பசிக்கும், இரண்டு மணிக்குப் பால் கொடுக்கிறவளுக்குப் பசி தாங்காது. ஒரு பிளாஸ்கில் சூடாகக் கஞ்சியோ பாலோ, கூட இரண்டு இட்லியோ வாழைப்பழமோ தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுங்கள்.